எந்த எலெக்ட்ரான் யார் வீட்டுப் பிள்ளை?

1945-ஆம் ஆண்டின் பிற்பகுதி. இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. இயற்பியல் என்றாலே உலகம் ஹிரோஷிமாவை நினைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், லண்டன் ‘நேச்சர்’ இதழில் சின்னஞ்சிறு குறிப்பு ஒன்று வந்தது. உருகிய உலோகத்தின் வழியே மின்சாரம் பாயும்போது அதற்கு எவ்வளவு தடை இருக்கும் என்பதுதான் அதன் பொருள். எழுதியவர்கள் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கே.எஸ். கிருஷ்ணனும், அவரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த இளைஞர் ஏ.பி. பாட்டியாவும்.

சோடியத்தை உருக்கினால் அதன் மின்தடை சட்டென்று ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. அணுக்கள் அதே அணுக்கள்தான், எலெக்ட்ரான்களும் அதே எலெக்ட்ரான்கள்தான். உருகும் கணத்தில் மாறுவது அணுக்கள் நிற்கும் ஒழுங்கு மட்டுமே. அப்படியானால் அந்த ஒழுங்கை அளந்துவிட்டால் மின்தடையைக் கணக்கிட்டுவிடலாமே என்று அந்த இருவரும் கேட்டார்கள். இன்று நட்சத்திரங்களின் உள்ளே, வியாழன் போன்ற பெருங்கோள்களின் வயிற்றில், லேசர் அணுப்பிணைவுச் சோதனையில் நசுங்கும் எரிபொருளில் மின்சாரமும் வெப்பமும் எப்படிப் பாய்கின்றன என்று கணிக்கும் கணினி நிரல்கள் பலவற்றின் அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது. அதைக் கேட்டவரில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக்காரர்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைச் சாலையில் வடக்கே போனால் கிருஷ்ணன்கோவில் விலக்கு. அதில் மேற்கே திரும்பினால் மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு. கண்மாய்களும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த ஊர். மேற்கே பிளவக்கல் அணை, சற்றுத் தள்ளிச் சதுரகிரி. இந்த ஊரில் 1898 டிசம்பர் 4 அன்று காரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் பிறந்தார். அன்றைக்கு இந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லா. 1910-இல் புதிய ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது, 1985-க்குப் பிறகு விருதுநகர் மாவட்டமாக இருக்கிறது. தந்தை விவசாயி, தமிழும் சமஸ்கிருதமும் ஆழ்ந்து கற்றவர். மகன் சொந்த ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் படித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் போனார். அறிவியலில் ஆசை மூட்டியவர் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ராஜபாளையம் என்றால் 1936-இல் தொடங்கிய மில்லும் அதைத் தொடர்ந்து வளர்ந்த பஞ்சாலைத் தொழிலும் நினைவுக்கு வரும், அந்த ஊர் வெள்ளை நாயும் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. கிருஷ்ணன் பெயர் இந்த வரிசையில் வருவதே இல்லை. வந்தாலும் ராமன் விளைவோடு நின்றுவிடும். 1928-இல் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து புதிய வகை ஒளிச்சிதறலைக் கண்டவர், நேச்சருக்குப் போன முதல் கடிதத்தில் இணைந்து கையெழுத்திட்டவர், 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது என்ற கதை. தமிழில் கிருஷ்ணனைப் பற்றி எழுதப்படுவதில் பாதி இந்த ஆதங்கமாகவே இருக்கிறது. அவர் 1928-க்குப் பிறகு முப்பத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தார், வேலை செய்தார். அந்த ஆண்டுகளின் வேலைதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிட வேண்டும்.

சாதாரண நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்பதில் குழப்பமில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும், வாசலில் விளையாடும், கூப்பிட்டால் உள்ளே போகும். ஆடிப்பூரத்தன்று தேர் நகரும்போது அதே வீதியில் நின்று பார்த்தால் கதை வேறு. நெரிசலில் திண்ணைகள் எல்லாம் ஒன்றாகிவிடும். ஒரு வீட்டுப் பிள்ளை நான்கு வீடு தள்ளி நிற்கும், இன்னொன்று கூட்டத்தோடு போய்விடும். வீட்டோடு ஒட்டிய பிள்ளை எது, வீதியோடு போன பிள்ளை எது என்று பிரிக்கவே முடியாது.

அணுவுக்குள் எலெக்ட்ரான்களின் நிலையும் இதுதான். மெல்லிய, குளிர்ந்த வாயுவில் ஒவ்வொரு எலெக்ட்ரானும் தன் அணுக்கருவைச் சுற்றித் தனக்குரிய மட்டத்தில் நிற்கும். சூடேற்றினால் வெளியே உள்ளவை கழன்று ஓடும். அப்படிக் கழன்ற கலவைதான் பிளாஸ்மா. ஆனால் சூடேற்றுவதோடு பயங்கரமாக அழுத்தவும் செய்தால், அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. சூரிய மையத்தில் வெப்பம் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. ஒரு கன சென்டிமீட்டர் பொருளின் எடை 150 கிராம், ஈயத்தைப் போல் பதின்மூன்று மடங்கு. அங்கே வெளி மட்டங்களுக்கு இடமே கிடையாது. எலெக்ட்ரான் வெப்பத்தால் கழலாமல் நெரிசலாலேயே கழன்றுவிடுகிறது. இதை அழுத்த அயனியாக்கம் என்பார்கள். அந்த நெரிசலில் எலெக்ட்ரான்கள் எந்தெந்த மட்டத்தில் நிற்கின்றன, எத்தனை ஒட்டியிருக்கின்றன, எத்தனை அலைகின்றன என்று கணக்கிடுவதுதான் சூடான, அடர்ந்த பிளாஸ்மாவின் எலெக்ட்ரான் அமைப்பைக் கணிப்பது. சொல்ல எளிது. நூறு வருஷமாகியும் முழு விடை கிடைக்கவில்லை.

இந்தக் கணக்கின் முதல் வரியை எழுதியவரும் இந்தியர்தான். 1920-இல் மேகநாத் சாஹா ‘ஃபிலாசஃபிகல் மேகசின்’ இதழில் சூரியனின் மேல் அடுக்கில் அணுக்கள் எந்த அளவு அயனியாகின்றன என்று சொல்லும் சமன்பாட்டை வெளியிட்டார். எலெக்ட்ரான் கழல்வதை அவர் ஒரு வேதிவினையைப் போலப் பார்த்தார்: உப்பு கரைவதற்கு ஒரு சமநிலை இருப்பதுபோல, இதற்கும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்து ஒரு சமநிலை. நிறமாலைக் கோடுகளுக்கும் வெப்பநிலைக்கும் இருந்த உறவு சட்டென்று விளங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில், கொடைக்கானல் ஆய்வகத்தில், அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சூரியனைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களில் தெரியும் மெல்லிய மேலடுக்குக்குச் சாஹாவின் சமன்பாடு கச்சிதமாகப் பொருந்தும்.

உள்ளே போனால் பொருந்தாது. சாஹாவின் கணக்கில் அணுக்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. அடர்த்தி கூடக்கூட எலெக்ட்ரான் திரும்ப அணுவில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். அதை அப்படியே சூரிய மையத்துக்குப் போட்டால், ஹைட்ரஜனில் கணிசமான பங்கு அயனியாகாமலே இருப்பதாக விடை வருகிறது. உண்மையில் அங்கே ஒரு எலெக்ட்ரான்கூட ஒட்டியிருக்க இடமில்லை. சமன்பாட்டின் மீது குற்றமில்லை. அது மெல்லிய வாயுவுக்கு எழுதப்பட்டது.

அடர்ந்த பொருளின் பக்கமிருந்து கதவைத் திறந்தவர்களில் ஒருவர் இன்னொரு தமிழர். 1928 இலையுதிர்காலத்தில் ஜெர்மன் இயற்பியலாளர் சொமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர் எஸ். சந்திரசேகர் அவரைப் போய்ப் பார்த்தார். உலோகங்களில் எலெக்ட்ரான்கள் ஃபெர்மி, டிராக் வகுத்த புதிய புள்ளியியலின்படி நடக்கின்றன என்ற தம் கட்டுரையின் அச்சுப்படியை சொமர்ஃபெல்ட் அவருக்குக் கொடுத்தார். அதே ஆண்டுக் கோடையில் சந்திரசேகர் கல்கத்தாவில் ராமனின் ஆய்வகத்தில் இருந்தார், கிருஷ்ணன் அங்கே மூத்த ஆய்வாளர். 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் சந்திரசேகர் போட்ட கணக்குதான் வெள்ளைக் குறுமீன்கள் எனப்படும் சுருங்கிய நட்சத்திரங்களின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று காட்டியது. வெள்ளைக் குறுமீனில் நெரிசல் உச்சத்துக்குப் போய்விடுகிறது, எலெக்ட்ரான்கள் அத்தனையும் வீதியில்தான். அதனால் ஒரு வகையில் கணக்கு சுலபம். வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே, பாதி ஒட்டியும் பாதி அலைந்தும் இருக்கும் இடைநிலைதான் ஆளைக் கொல்லும் இடம். கிருஷ்ணனின் பிற்கால வேலைகள் ஒவ்வொன்றும் அந்த இடைநிலையின் ஏதாவது ஒரு பக்கத்தைத் தொட்டன. அவர் நட்சத்திரங்களைப் பற்றி யோசித்தாரோ இல்லையோ, அவர் மேசையில் இருந்தவை பென்சில் கரியும் உருகிய உலோகமும்தான்.

பென்சில் கரியை முதலில் பார்க்கலாம்.

1928 இறுதியில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இயற்பியல் துறையில் சத்தியேந்திரநாத் போஸ் இருந்தார். படிகங்களைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, திசைக்குத் திசை அவற்றின் காந்தப் பண்பு எப்படி மாறுகிறது என்று அளக்கும் நுட்பமான முறைகளைக் கிருஷ்ணன் அங்கே உருவாக்கினார். 1933-இல் கல்கத்தாவுக்கு, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பி வந்தார். பென்சில் கரியான கிராஃபைட் அவர் கவனத்தை இழுத்தது. அதன் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தை எதிர்க்கும் தன்மை அசாதாரணமாகப் பெரியது. 1941-இல் என். கங்கூலியோடு சேர்ந்து ராயல் சொசைட்டி இதழில் அவர் எழுதிய கட்டுரை, அந்த எதிர்ப்பு வெப்பநிலையோடு எப்படிக் குறைகிறது என்று அளந்து, அதற்குக் காரணம் கிராஃபைட்டில் திரியும் எலெக்ட்ரான்கள் என்று சொன்னது.

இதில் என்ன விசேஷம்? தாமிரம் போன்ற உலோகத்தில் எலெக்ட்ரான்களின் கூட்டம் நிறைந்த கண்மாய் மாதிரி. காற்றடித்தால் மேல்பரப்பில்தான் அலை எழும், அடித்தண்ணீர் அசையாது. ஒரு குவாண்டம் நிலையில் ஒரு எலெக்ட்ரானுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது விதி. கீழ் மட்டங்கள் எல்லாம் நிறைந்துவிட்டதால் உள்ளே இருப்பவற்றுக்கு நகர இடமில்லை. தாமிரக் கண்மாய் முழுவதையும் கலக்க வேண்டுமானால் எண்பதாயிரம் டிகிரி வெப்பம் வேண்டும். கிராஃபைட்டிலோ அந்த எல்லை சில நூறு டிகிரிதான் என்று கங்கூலியும் கிருஷ்ணனும் முடிவுக்கு வந்தார்கள். அதாவது அறை வெப்பநிலையிலேயே, முழுக்க உறைந்ததாகவும் முழுக்கக் கொதிப்பதாகவும் இல்லாத எலெக்ட்ரான் கூட்டத்தைக் கல்கத்தாவில் ஒரு மேசைமேல் வைத்து அளந்திருக்கிறார்கள். அடர்ந்த பிளாஸ்மா ஆய்வாளர்களுக்கு இன்று தலைவலி தருவதும் இதே அரைகுறை நிலைதான். அவர்களுடைய பிளாஸ்மாவில் கண்மாயின் ஆழமும் வெப்பத்தின் வேகமும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கின்றன.

கிருஷ்ணன் கொடுத்த விளக்கம் பின்னாளில் மாறியது என்பதையும் சொல்லவேண்டும். 1947-இல் பி.ஆர். வாலஸ் கிராஃபைட்டின் எலெக்ட்ரான் மட்டங்களை முறையாகக் கணக்கிட்டார். அவற்றைச் சாதாரணத் திறந்தவெளி எலெக்ட்ரான்களாகப் பாவிக்க முடியாது என்று அது காட்டியது. கல்கத்தாவில் எடுத்த அளவுகள் நின்றன, அவற்றின் பொருள் திருத்தப்பட்டது.

1942-இல் கிருஷ்ணன் அலகாபாத்துக்குப் போனார். 1923 முதல் 1938 வரை அந்த இயற்பியல் துறையைக் கட்டி எழுப்பியவர் மேகநாத் சாஹா. மெல்லிய பிளாஸ்மாவின் சமன்பாட்டை எழுதியவர் விட்டுப்போன இடத்திலேயே, அடர்ந்த பிளாஸ்மாவுக்கு வேண்டிய கருவி உருவானது தற்செயல்தான் என்றாலும், அறியும்போது மனசு நிறைகிறது.

வத்திராயிருப்புத் தென்னந்தோப்பில் மரங்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். சரியான கோணத்தில் நின்று ஓடினால் எந்த மரத்திலும் முட்டாமல் நேரே மறுபுறம் போய்விடலாம். படிகத்தில் எலெக்ட்ரான் இப்படித்தான் ஓடுகிறது. மரங்கள் காற்றில் ஆடினால் அவ்வப்போது முட்டும், அதுதான் வெப்பத்தால் வரும் மின்தடை. சதுரகிரிக் காட்டில் ஓடிப் பார்த்தால் எங்கும் மரம் முட்டும். ஆனால் காட்டிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இரண்டு பெரிய மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று முளைப்பதில்லை, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஓர் இடைவெளியை வைத்துக்கொள்கிறது. உருகிய உலோகம் இந்தக் காடு மாதிரி. வரிசை போய்விட்டது, இடைவெளி மட்டும் மிச்சமிருக்கிறது.

அந்த இடைவெளியை எப்படி அளப்பது? கிருஷ்ணனுக்கு இதற்கு விடை கையில் இருந்தது. கல்கத்தாவில் இருபதுகளில் ராமனும் அவருடைய மாணவர்களும் திரவங்களில் ஒளியையும் எக்ஸ் கதிரையும் சிதறவைத்துப் பார்த்தே காலம் கழித்தவர்கள். எக்ஸ் கதிரைத் திரவத்தில் பாய்ச்சினால் அது எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்பதே அணுக்களின் இடைவெளிக்குச் சாட்சி. எலெக்ட்ரானும் ஓர் அலைதான். எக்ஸ் கதிரைச் சிதறடிக்கும் அதே ஒழுங்கு எலெக்ட்ரானையும் சிதறடிக்கும். எக்ஸ் கதிர் அளவுகளை எடுத்து எலெக்ட்ரான் கணக்கில் போட்டால் மின்தடை வரவேண்டும். 1945 குறிப்பின் சாரம் இவ்வளவுதான். 1948-இல் ராயல் சொசைட்டி இதழில் பாட்டியாவும் கிருஷ்ணனும் இதை விரித்து எழுதினார்கள். ஒற்றை இணைதிறன் உலோகங்களில், அதாவது அணு ஒன்றுக்கு ஒரே ஒரு எலெக்ட்ரான் வெளியே அலையும் சோடியம் போன்றவற்றில், சிதறலையும் மின்தடையையும் ஒரே நூலில் கோர்த்தார்கள். ராமன் ஆய்வகத்தில் கற்ற பாடம் இருபது ஆண்டு கழித்து வேறொரு துறையில் பலன் தந்தது. கிருஷ்ணனின் மற்ற எந்த வேலையையும்விட இதுதான் ஆழமானது என்று சொல்லலாம். அவரைப் பற்றிப் பேசும்போது இது அடிபடாமல் போவது பெரிய குறை.

பாட்டியா பிறகு கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய், உருகிய உலோகக் கலவைகளைப் பற்றித் தன் பெயராலேயே அறியப்படும் கோட்பாட்டை 1970-இல் தார்ன்டனோடு சேர்ந்து தந்தார்.

கிருஷ்ணன் 1947-இல் தில்லியில் புதிதாக எழுந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1948-இல் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது ஹோமி பாபா தலைவர், சாந்தி ஸ்வரூப் பட்னாகரும் கிருஷ்ணனும் உறுப்பினர்கள். கூட்டங்கள், கட்டடங்கள், கோப்புகள் என்று இழுபட்ட அந்த வருஷங்களிலும் அவர் ஆய்வை விடவில்லை. எஸ்.சி. ஜெயினோடு சேர்ந்து அவர் செய்த ஒரு சோதனை வெகு அழகானது. கிராஃபைட் குழாய் ஒன்றை வெற்றிடத்தில் செக்கச்சிவக்கக் காய்ச்சுவார்கள். குழாயின் உள்ளறையில் எலெக்ட்ரான்கள் ஆவிபோல் நிறையும். சுவரில் ஒரு சிறு துளை. இட்லிக் கொப்பரையின் மூடியில் உள்ள ஓட்டை வழியே ஆவி வருவதுபோல அத்துளை வழியே எலெக்ட்ரான்கள் கசியும். கசியும் அளவை அளந்தால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரான் ஆவியின் அழுத்தம் கிடைத்துவிடும். உலோகப் பரப்பிலிருந்து நேரடியாகப் பறக்கும் எலெக்ட்ரான்களை அளந்தவர்களுக்குப் பரப்பில் இருந்த அழுக்கும் மேடுபள்ளமும் கணக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தன. உள்ளறையில் சமநிலைக்கு வந்துவிட்ட ஆவிக்கு அந்தத் தொல்லை இல்லை. 1952-இல் இது வெளிவந்தது. சாஹா வானத்தில் தேடிய சமநிலையைக் கிருஷ்ணன் தில்லியில் ஒரு குழாய்க்குள் பிடித்துவைத்துவிட்டார்.

1961 ஜூன் 14 அன்று கிருஷ்ணன் இறந்தார். அதே ஆண்டில், சாஹாவின் சமன்பாடு வந்த அதே ‘ஃபிலாசஃபிகல் மேகசின்’ இதழில், இங்கிலாந்தின் ஜான் ஸைமன் திரவ உலோகங்களின் மின் பண்புகளைப் பற்றிய கோட்பாட்டை வெளியிட்டார். பாட்டியாவும் கிருஷ்ணனும் வைத்த அடித்தளத்தின்மேல் எழுந்த கட்டடம் அது. அணுக்களின் இடைவெளி ஒழுங்கு ஒரு பக்கம், ஒரு அயனி எலெக்ட்ரானை எவ்வளவு பலமாகத் தட்டிவிடுகிறது என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் மின்தடை. ஸைமன் சூத்திரம் என்று இன்று அறியப்படுவது இதுதான்.

அந்தச் சூத்திரம் பிளாஸ்மாவுக்கு வந்த வழி வேறு திசையிலிருந்து. 1927-இல் தாமஸ் கேம்பிரிட்ஜிலும் ஃபெர்மி ரோமிலும் தனித்தனியே, அணுவை எலெக்ட்ரான் மேகமாகப் பாவித்து ஒரு மாதிரியைத் தந்திருந்தார்கள். 1949-இல் ஃபைன்மன், மெட்ரொபொலிஸ், டெல்லர் மூவரும் அந்த மேகத்தை ஒரு கோளத்துக்குள் அடைத்தார்கள். அடர்ந்த பொருளில் ஒவ்வொரு அணுவுக்கும் கிடைக்கும் இடம் அந்தக் கோளம் அளவுதான். கோளத்தைச் சுருக்கி, சூட்டைக் கூட்டினால் பொருளின் அழுத்தம் கிடைத்துவிடும். அந்த மேகத்தில் தனித்தனி மட்டங்கள் மட்டும் தெரியாது. இரும்பும் நிக்கலும் ஒரே சாயலில் இருக்கும். எல்லா அயனிகளின் சராசரியையும் ஒரே அணுவாகப் பாவித்து, அதற்குள் குவாண்டம் மட்டங்களை முறையாகக் கணக்கிடும் ‘சராசரி அணு’ மாதிரிகள் எழுபதுகளில் வந்தன. 1972-இல் ரோஸ்னாய், 1979-இல் லீபர்மன். லீபர்மன் தம் நிரலுக்கு வைத்த பெயர் ‘இன்ஃபெர்னோ’, நரகம். உள்ளே கணக்கிட்ட சூட்டுக்குப் பொருத்தமான பெயர். வெப்பமேற்றிய எலெக்ட்ரான் கூட்டத்துக்கு அடர்த்தி ஒன்றை வைத்தே கணக்குப் போடலாம் என்ற அடிப்படையை 1965-இல் மெர்மின் நிறுவியிருந்தார்.

இந்த மாதிரிகளுக்கும் ஸைமன் சூத்திரத்துக்கும் கல்யாணம் செய்துவைத்தவர்களில் இலங்கையில் பிறந்தவர் ஒருவர் உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய சந்த்ரே தர்மவர்தன, பிரான்ஸின் ஃபிரான்ஸ்வா பெரோவோடு சேர்ந்து, எண்பதுகளில் எலெக்ட்ரான்களையும் அயனிகளையும் ஒரே சமயத்தில் கணக்கில் எடுக்கும் முறையை வளர்த்தார். பக்கத்து அயனிகளின் இடைவெளி ஒழுங்கும் எலெக்ட்ரான்களின் அமைப்பும் ஒன்றையொன்று தீர்மானிக்கும். அலகாபாத்தில் அந்த ஒழுங்கை எக்ஸ் கதிர் அளவிலிருந்து கடன் வாங்கினார்கள். கோடி டிகிரி பிளாஸ்மாவில் அப்படிக் கடன் வாங்க வழியில்லை. ஒழுங்கையும் சேர்த்துக் கணக்குப்போட வேண்டும். 1987-இல் பெரோவும் தர்மவர்தனவும் சூடான அடர்ந்த பிளாஸ்மாக்களின் மின்தடையைப் பற்றி எழுதியபோது, காட்டு மரங்களின் இடைவெளி பற்றிய பழைய கேள்வி பிளாஸ்மாவுக்குள் முழுதாக வந்து சேர்ந்தது.

இந்தியாவிலும் இந்தத் துறை வளர்ந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. கோட்வால், எஸ்.கே. சிக்கா, சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் ஆகியோர் 1983-இல், சுமார் பத்துக் கோடி வளிமண்டல அழுத்தம் வரை பொருளின் நிலைச் சமன்பாட்டை எப்படிக் கணிப்பது என்று விரிவான ஆய்வுரை ஒன்றை எழுதினார்கள்.

2015-இல் வந்த ஒரு முடிவு இந்தத் துறையை உலுக்கியது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில், சூரியனின் உட்பகுதியில் ஓர் எல்லையில் நிலவும் சூழலை ஒத்த நிலைக்கு, சுமார் இருபது லட்சம் டிகிரிக்கு, இரும்பைச் சூடாக்கினார்கள். எக்ஸ் கதிர் அதன் வழியே எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளந்தார்கள். மாதிரிகள் கணித்ததைவிட இரும்பு எக்ஸ் கதிரை அதிகமாகத் தடுத்தது. அலைநீளத்தைப் பொறுத்து 30 முதல் 400 சதவீதம் வரை வித்தியாசம். அளவு தவறா, கணக்கு தவறா என்ற விவாதம் பிறகு தொடர்ந்தது. 2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவில் 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் ஆற்றலைச் செலுத்த, நசுங்கிய எரிபொருளிலிருந்து 3.15 மெகாஜூல் வெளிவந்தபோது, அந்தச் சோதனையை வடிவமைத்த நிரல்களுக்குள்ளும் மின்கடத்தலும் எக்ஸ் கதிர்த் தடுப்பும் இதே வகை மாதிரிகளிலிருந்துதான் போயிருந்தன.

ஸைமன் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறவர் முதலில் ஒரு எண்ணைப் போட்டாகவேண்டும்: ஒரு அயனிக்கு எத்தனை எலெக்ட்ரான் அலைகிறது? தேர்க் கூட்டத்தில் எத்தனை பிள்ளைகள் வீட்டை விட்டு வந்தவை? ஒரு மாதிரி கோளத்தின் ஓரத்தில் இருக்கும் அடர்த்தியை வைத்து எண்ணும், இன்னொன்று மட்டத்தின் ஆற்றலை வைத்து எண்ணும், மூன்றாவது பக்கத்து அயனிகளின் அணைப்பையும் சேர்த்து எண்ணும். இருபது லட்சம் டிகிரி இரும்பில் மூன்றும் மூன்று விடை தருவது வழக்கம். அலகாபாத்தில் கிருஷ்ணனும் பாட்டியாவும் இந்தச் சிக்கலைத் தொடவேண்டியிருக்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது சோடியத்தை. அணுவுக்கு ஒன்று.